கொன்றது ஊழா, காஞ்சனனா?



மனிதனுக்குச் சுயவிருப்பம் என்று ஒன்று உண்டா? இல்லையென்றால் ஒருவனைக் குற்றவாளி என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? இதுதான் எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு. இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேலாகத் தீர்ப்பாகாத வழக்கு. இன்று மாலைக்குள் நான் தீர்த்துவைப்பேன் என்று நம்பி யாரும் வந்திருக்க மாட்டீர்கள். ஆனாலும் நடுநிலை என்ற பெயரில் இரண்டு பக்கத்துக்கும் தலையாட்டிவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. நம் செயல் ஒவ்வொன்றுக்கும் நமக்கு முந்திய காரணங்கள் உண்டு என்பதை நான் ஏற்கிறேன். அதனால் நம் பொறுப்பு கழன்றுவிடுகிறது என்பதை ஏற்கவில்லை. இரண்டையும் ஒரே வாயால் எப்படிச் சொல்ல முடியும் என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். அதற்காகவே மணிமேகலைக் காப்பியத்தில் நடக்கும் ஒரு கொலையை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கதை தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். காஞ்சனன் ஒரு வித்தியாதரன். அவன் மனைவி காயசண்டிகை ஒரு முனிவரின் சாபத்தால் யானைத்தீ என்னும் அடங்காப் பசிக்கு ஆளாகிக் காவிரிப்பூம்பட்டினத்தில் அலைந்தவள். மணிமேகலை அமுதசுரபியிலிருந்து இட்ட சோற்றால் பசி தீர்ந்து, தன் ஊருக்குக் கிளம்பிவிட்டாள். அது தெரியாமல் காஞ்சனன் அவளைத் தேடி வருகிறான். அதே சமயத்தில் மணிமேகலை, தன்னை விடாமல் துரத்தும் சோழ இளவரசன் உதயகுமரனிடமிருந்து தப்புவதற்காகக் காயசண்டிகையின் உருவத்தை எடுத்திருக்கிறாள். அந்த உருவத்தோடு உதயகுமரனுக்கு நிலையாமையை எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். காஞ்சனன் கண்ணுக்குத் தெரிவதோ, தன் மனைவி தன்னை ஏறெடுத்தும் பாராமல் வேறொருவனோடு நின்று பேசும் காட்சி. ஒளிந்துகொள்கிறான். நள்ளிரவில் உதயகுமரன் அவள் இருக்கும் அம்பலத்துக்குள் நுழைந்ததும் வாளால் வெட்டிச் சாய்க்கிறான்.

அங்கே தூணில் இருக்கும் தெய்வப்பாவை வாய் திறக்கிறது. இவள் உன் மனைவி இல்லை என்கிறது. மனைவிக்கு என்ன ஆயிற்று என்றும் சொல்கிறது. அதோடு நிறுத்தவில்லை. உதயகுமரனின் உயிரைக் குடித்தது அவனுடைய பழவினைதான் என்கிறது. மூச்சு விடாமல் அடுத்ததையும் சொல்கிறது: அப்படியிருந்தும் இந்தக் கொடுஞ்செயலை அறியாமையால் செய்தவன் நீ, இதன் பயன் உன்னையும் விடாது.

காப்பியத்தைப் பாடிய சாத்தனார் இதை விளக்கிக்கொண்டு நிற்கவில்லை, கதை நகர்ந்துவிடுகிறது. எனக்குத்தான் இந்த இடத்தைத் தாண்ட முடியவில்லை. காஞ்சனனுக்கு ஒரு நல்ல வக்கீல் கிடைத்திருந்தால் என்ன வாதாடியிருப்பார்? "உதயகுமரன் முற்பிறவியில் ஒரு சமையற்காரனை வெட்டியவன். அந்த வினைதான் அவனை வெட்டியிருக்கிறது. என் கட்சிக்காரர் அதன் கையில் இருந்த வாள். இவர் வந்திருக்காவிட்டால் வினை வேறொருவரைக் கூட்டிவந்திருக்கும். வாளைத் தண்டிப்பீர்களா?" வாதத்தில் ஓட்டை கண்டுபிடிப்பது சுலபமில்லை. ஆனால் தெய்வப்பாவை அந்த வாதத்தின் முதல் பாதியை அப்படியே ஒப்புக்கொண்டு, இரண்டாம் பாதியை மட்டும் தள்ளுபடி செய்கிறது. எந்த நியாயத்தில்?

இதே கேள்வியின் மறு எல்லையில் நின்றவர்கள் ஆசீவகர்கள். புத்தர், மகாவீரர் காலத்தில் வாழ்ந்த மற்கலி கோசாலரின் வழி வந்தவர்கள். உயிர்கள் கெடுவதற்கும் காரணமில்லை, தூயவை ஆவதற்கும் காரணமில்லை, முயற்சி என்ற ஒன்று எதையும் மாற்றாது, எல்லாம் நியதிப்படி நடந்து முடியும் என்பது அவர்கள் கொள்கை. இதை நமக்குச் சொல்பவர்கள் பெரும்பாலும் அவர்களுடைய எதிரிகளான பௌத்தர்களும் சமணர்களும்தான் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். உருட்டிவிட்ட நூற்கண்டு நூல் தீரும்வரை அவிழ்வதுபோல ஞானிக்கும் மூடனுக்கும் பிறவிகள் அவிழ்ந்து தீரும் என்று கோசாலர் சொன்னதாகப் பாலி நூல்கள் பதிந்திருக்கின்றன. வடக்கே மறைந்துபோன பிறகும் இவர்கள் தென்னாட்டில் பல நூற்றாண்டு வாழ்ந்தார்கள். ஏ. எல். பாஷாம் 1951இல் எழுதிய ஆய்வு நூல் அந்தத் தடங்களைத் தேடிச் சேர்த்தது. ஆசீவகர்மேல் விதித்த வரியைச் சோழர்காலக் கல்வெட்டுகள் பேசுகின்றன. மணிமேகலை தன் சமயத் தேடலில் சந்திப்பவர்களில் ஆசீவகர் ஒருவர் உண்டு. நீலகேசியில் ஆசீவக வாதத்துக்கென்றே ஒரு சருக்கம் உண்டு.

இவர்களைப் பற்றி என்னை எப்போதும் வியக்கவைக்கும் செய்தி ஒன்று. முயற்சியால் ஒன்றும் ஆகாது என்று போதித்த இவர்கள் மிகக் கடுமையான தவசிகள். எல்லாம் முன்பே முடிவாகிவிட்டது என்றால் உடம்பை ஏன் வருத்த வேண்டும் என்று எதிராளிகள் கேலி செய்தார்கள். ஆசீவகர் தரப்பில் பதில் சொல்ல வேண்டுமானால், "நான் தவம் செய்வதும் நியதி" என்று சொல்லியிருப்பார்கள். தர்க்கத்தில் குறையில்லாத பதில். ஆனால் அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கூட நகர்த்த முடியாது. காலையில் எழுந்து பட்டினி கிடப்பதா சாப்பிடுவதா என்று யோசிக்கும் மனிதனுக்கு, "எது நடக்குமோ அது நடக்கும்" என்பது தகவலே இல்லை. அவன் யோசித்துத்தான் ஆக வேண்டும். அந்த யோசனையும் நியதியின் ஒரு கண்ணிதான் என்று சொல்லுங்கள், நான் மறுக்கவில்லை. கண்ணி அறுந்தால் சங்கிலி இல்லை என்பதை நீங்களும் மறுக்க முடியாது.

இப்போது ஆய்வகத்துக்குப் போவோம். நியதிவாதத்தை இன்று மேடையில் முழங்குபவர்கள் துறவிகள் இல்லை, நரம்பியல் அறிஞர்கள். அவர்கள் அடிக்கடி காட்டும் சான்று, அமெரிக்காவில் பெஞ்சமின் லிபெட் தன் குழுவினரோடு செய்து 1983இல் வெளியிட்ட சோதனை. ஒருவரை உட்காரவைத்து, தலையில் மின்முனைகளைப் பொருத்தி, "உங்களுக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது மணிக்கட்டை அசையுங்கள், தோன்றிய நொடியில் எதிரே சுற்றும் புள்ளி எங்கே இருந்தது என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்கள். அசைவுக்கு ஏறக்குறைய 550 மில்லிவினாடிக்கு முன்பே மூளையில் ஒரு மின்னழுத்தம் எழும்பத் தொடங்கியது. "அசைக்கலாம்" என்ற எண்ணம் தோன்றியதாக அவர் சொன்ன கணமோ சுமார் 200 மில்லிவினாடிக்கு முன்புதான். எண்ணம் வருவதற்கு முன்பே மூளை வேலையை ஆரம்பித்துவிட்டது, மனம் பின்னால் வந்து கையெழுத்துப் போடுகிறது என்று செய்தி பரவியது.

லிபெட்டே அப்படி முடிவு கட்டவில்லை. எழும்பிய உந்துதலைக் கடைசி நேரத்தில் தடுக்கும் அதிகாரம் மனத்துக்கு உண்டு என்று அவர் கடைசிவரை சொன்னார். 2012இல் ஆரோன் ஷூர்கரும் உடன் ஆய்வாளர்களும் வேறு விளக்கம் தந்தார்கள். மூளையில் எப்போதும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் பின்னணி இரைச்சல் தற்செயலாக ஒரு வரம்பைத் தொடும்போது கை அசைகிறது. அசைந்த கணத்திலிருந்து பின்னோக்கி எண்ணிச் சராசரி எடுப்பதால்தான் அது முன்கூட்டிய தயாரிப்புப் போலத் தெரிகிறது என்றார்கள். விவாதம் இன்னும் ஓயவில்லை. எனக்கு அதைவிடப் பெரிய தயக்கம் வேறு. காரணமே இல்லாமல் மணிக்கட்டை அசைப்பது எந்த வகை முடிவு? அதற்காக யாரும் யாரையும் பழித்ததில்லை. வேலையை விடுவதா, அப்பாவிடம் உண்மையைச் சொல்வதா, லஞ்சத்தை வாங்குவதா என்று நாள்கணக்கில் புரண்டு படுக்கிறோமே, அங்கேதான் பொறுப்பு பிறக்கிறது. அரை வினாடிக் கணக்கு அந்த இரவுகளைத் தொடவே இல்லை.

குவாண்டம் இயற்பியல் நமக்குச் சுதந்திரம் வாங்கித் தரும் என்று சிலர் நம்புகிறார்கள். அது சீக்கிரம் முடிகிற பேச்சு. என் மூளையில் ஒரு துகள் தாயம் உருட்டி விழுந்ததால் நான் பொய் சொன்னேன் என்றால், அந்தப் பொய் எனக்கு இன்னும் அந்நியமாகிறதே தவிர என்னுடையதாகவில்லை.

என்னை உண்மையிலேயே அசைத்தது இன்னொரு செய்தி. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் நாற்பது வயது ஆசிரியர் ஒருவர். அதுவரை அப்படியொரு போக்கு இல்லாதவர், திடீரெனக் குழந்தைகள்மேல் பாலியல் நாட்டம் கொள்கிறார். வீட்டிலிருந்த சிறுமியிடமே தவறாக நடக்கிறார். நீதிமன்றம் குற்றவாளி என்கிறது. சிகிச்சைத் திட்டத்தில் சேர்கிறார். அங்கும் அடக்கமில்லாமல் நடந்து வெளியேற்றப்படுகிறார். சிறைத் தண்டனைக்கு முந்தின இரவு தாங்க முடியாத தலைவலியோடு மருத்துவமனைக்குப் போகிறார். படமெடுத்தால், நெற்றிக்குப் பின்னால் கண்குழிக்கு மேலே வலப்புறத்தில் பெரிய கட்டி. அறுவைக்குப் பின் அந்த நாட்டம் மறைந்துவிட்டது. சில மாதம் கழித்து மறுபடி தலைகாட்டியது. படமெடுத்தார்கள். கட்டி மறுபடி வளர்ந்திருந்தது. அதையும் எடுத்தார்கள். 2003இல் ஒரு நரம்பியல் இதழில் பர்ன்ஸ், ஸ்வெர்ட்லோ என்ற இரு மருத்துவர்கள் இதை எழுதினார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, தான் செய்வது தவறு என்று அந்த மனிதருக்குத் தெரிந்தே இருந்தது என்பது. நம் சட்டத்தை வைத்துப் பார்த்தால் அவருக்குத் தப்பவே வழியில்லை. 1843இல் இங்கிலாந்தில், பிரதமர் பீலின் செயலாளரான டிரம்மண்டைச் சுட்ட மெக்நாட்டன் வழக்கிலிருந்து பிறந்த விதியைத்தான் 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் 84ஆம் பிரிவாக எடுத்துக்கொண்டது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 22ஆம் பிரிவு. மனநோயால் தன் செயலின் தன்மையையோ, அது தவறு அல்லது சட்டத்துக்கு விரோதம் என்பதையோ அறிய முடியாதவருக்கு மட்டுமே விலக்கு. அறிவு இருந்தது, அடக்கத்தான் முடியவில்லை என்பவருக்கு அந்தப் பிரிவில் இடமில்லை. சட்டம் மனத்தில் அறிவை மட்டும் தேடுகிறது. கையைப் பிடித்து நிறுத்தும் சக்தி வேறு என்று 1843இல் யாருக்கும் படம் எடுத்துக் காட்ட முடியவில்லை.

சரி, கட்டிக்காக அந்த ஆசிரியரை மன்னிப்பீர்கள் என்றால் அடுத்த கேள்வி தவிர்க்க முடியாதது. கட்டி அவர் தேர்ந்தெடுத்ததில்லை, ஒப்புக்கொள்கிறேன். அடிபட்டு வளர்ந்த பிள்ளைப்பருவம்? பரம்பரையாக வந்த முன்கோபம்? எந்தத் தெருவில் பிறப்பது, எந்தச் சகவாசத்தில் வளர்வது? இவற்றில் எதை யார் தேர்ந்தெடுத்தார்கள்? கட்டி படத்தில் தெரிகிறது, இவை தெரிவதில்லை. அவ்வளவுதானா வித்தியாசம்?

இங்கிலாந்து மெய்யியலாளர் கேலன் ஸ்ட்ராசன் இதைக் கூராகச் சொல்வார். நான் ஒன்றைச் செய்வது நான் இப்படிப்பட்டவன் என்பதால். அதற்கு முழுப் பொறுப்பு என்னுடையதாக வேண்டுமானால், நான் இப்படிப்பட்டவனாக ஆனதற்கும் நானே பொறுப்பாக வேண்டும். அப்படி ஆக்கிக்கொண்டதும் அதற்கு முன் இருந்த ஒரு "நான்" தானே. போய்க்கொண்டே இருந்தால் தொட்டிலுக்கும் அப்பால் போய்விடும். ஆகவே இறுதியான பொறுப்பு என்பது எவருக்கும் இல்லை. சுவையான செய்தி என்னவென்றால், இதற்கு எதிர்த்தரப்பில் நிற்கும் மிகப் பெயர்பெற்ற கட்டுரையை எழுதியவர் அவருடைய அப்பா. பீட்டர் ஸ்ட்ராசன் 1962இல், நியதி உண்மையா பொய்யா என்பது அடிபட்டவனின் மனத்தாங்கலையோ உதவி பெற்றவனின் நன்றியையோ அழிக்க முடியாது என்று வாதாடினார். நாம் ஒருவரை மனிதராக மதித்து நடத்துவதே அந்த உணர்ச்சிகளில்தான் இருக்கிறது. கோபமே படாமல் எல்லாரையும் நோயாளியாகப் பார்ப்பது எப்போதோ ஒருவரிடம் முடியும். வாழ்க்கை முழுவதும் எல்லாரிடமும் முடியாது, முடிந்தாலும் அது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என்ன பேசிக்கொண்டார்களோ! நான் அப்பா பக்கம். மகனுடைய வாதத்துக்கு என்னிடம் மறுப்பு இல்லாமலே அப்பா பக்கம்.

அது எப்படி என்பதற்கு நம் நாட்டு வழக்கொன்றைச் சொல்கிறேன். 1959 ஏப்ரலில் பம்பாயில் கடற்படை அதிகாரி நானாவதி, தன் மனைவியோடு உறவு வைத்திருந்த பிரேம் அகுஜாவைச் சுட்டுக் கொன்றார். திடீர் ஆத்திரமூட்டலால் நடந்தது, ஆகவே கொலை ஆகாது என்பது வாதங்களில் ஒன்று. 1961இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மனைவி சொன்னதைக் கேட்டபின் அவர் குடும்பத்தைச் சினிமாக் கொட்டகையில் இறக்கிவிட்டிருக்கிறார். கப்பலுக்குப் போய்த் துப்பாக்கி வாங்கியிருக்கிறார். அகுஜாவின் அலுவலகத்தில் தேடி, பிறகு வீட்டுக்குப் போயிருக்கிறார். இடையில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். கொதிப்பு அடங்கி யோசனை திரும்புவதற்கு அந்த நேரம் போதும் என்றது நீதிமன்றம். ஒளிந்திருந்து நள்ளிரவு வரை காத்திருந்த காஞ்சனனுக்கும் இதே தீர்ப்புத்தான் கிடைத்திருக்கும்.

நீதிபதிகள் இங்கே நானாவதியின் கோபத்துக்குக் காரணம் இருந்ததா என்று கேட்கவில்லை. காரணம் இருந்தது, அது எல்லாருக்கும் தெரியும். காரணச் சங்கிலிக்கு வெளியே நின்று அவர் புதிதாக எதையும் தொடங்கினாரா என்றும் கேட்கவில்லை. அவர்கள் கேட்டது, "வேண்டாம்" என்று சொல்லும் நியாயம் ஒன்று அந்த மூன்று மணி நேரத்தில் அவர் காதில் விழுந்திருக்குமா, விழுந்தால் அது கையை நிறுத்தியிருக்குமா என்று. பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தால் செய்திருப்பாரா என்று ஆங்கிலேய வழக்குமன்றங்களில் ஒரு சோதனை சொல்வார்கள். நானாவதி செய்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். கட்டி முற்றிய நிலையில் அந்த ஆசிரியரோ மருத்துவமனையில், அத்தனை பேர் கண்முன்னால், செவிலியர்களிடம் முறைகேடாகப் பேசினார். அடுத்த நாள் சிறை என்று தெரிந்தும் அவரால் நிறுத்த முடியவில்லை. நியாயம் காதில் விழுந்தது, கைக்குப் போகிற வழி அடைபட்டிருந்தது.

எனவே காரணம் இருக்கிறதா என்ற கேள்வி எனக்கு முக்கியமில்லை, இருக்கத்தான் செய்யும். அந்தக் காரணம் மனிதனுடைய யோசிக்கும் திறன் வழியாக வந்ததா, அதை ஒதுக்கிவிட்டுப் பக்கவாட்டில் வந்ததா என்பதுதான் பொறுப்பின் அளவை முடிவு செய்கிறது. அளவு என்று சொல்கிறேன். உண்டு, இல்லை என்று இரண்டே பதில்கள் இதற்குக் கிடையாது. ஏழு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குக் குற்றமே இல்லை, பன்னிரண்டு வரை முதிர்ச்சியைப் பார்த்து முடிவு என்று சட்டமே படி கட்டியிருக்கிறது. பிள்ளைப்பருவக் கொடுமையும் பசியும் அந்தத் திறனை அரித்திருக்கலாம். எவ்வளவு அரித்தது என்று ஒவ்வொரு ஆளிடமும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். மொத்தமாக "எல்லாம் காரணத்தால்தானே" என்று சொல்லும் வாதம் அந்த உழைப்பிலிருந்து நம்மைத் தப்பவைக்கிறது. அதனால்தான் அது எனக்குப் பிடிப்பதில்லை.

இனி நான் உண்மையில் சொல்ல வந்ததற்கு வருகிறேன். விதி, ஊழ், காரணம் என்பதெல்லாம் உண்மையா என்று மட்டுமே நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அதை யார், யாரைப் பற்றி, யாரிடம் சொல்கிறார் என்று கேட்பதில்லை. சிலப்பதிகாரத்தைப் பாருங்கள். பாண்டியன் விசாரிக்காமல் கோவலனைக் கொல்லச் சொல்லும் இடத்திலேயே, அது வினை விளையும் நேரம் என்று இளங்கோ குறிப்பிட்டுவிடுகிறார். பின்னால் மதுராபதித் தெய்வம் வந்து, முற்பிறவியில் சிங்கபுரத்தில் சங்கமன் என்னும் வணிகனுக்குக் கோவலன் இழைத்த கேட்டை எடுத்துரைக்கிறது. அதை யாரிடம் சொல்கிறது? கணவனை இழந்து, ஊரை எரித்து நிற்கும் கண்ணகியிடம். அங்கே அது ஆறுதல். கால்சிலம்பு உடைந்த கணத்தில் அதே விளக்கம் பாண்டியனுக்கும் கிடைத்திருக்கலாம்: "என் செய்வேன், உன் கணவனின் பழவினை என் நாவில் வந்தது." அவன் அதைச் சொல்லவில்லை. பொற்கொல்லனின் பொய்யைக்கூட முழுச் சாக்காக நீட்டவில்லை. தானே கள்வன் என்று ஏற்றுக்கொண்டு விழுகிறான். ஊழை இவ்வளவு ஆழமாக நம்பும் ஒரு காப்பியம் அந்த நம்பிக்கையைக் குற்றம் செய்தவன் வாயில் வைக்கவில்லை. மணிமேகலையின் பாவை காஞ்சனனிடம் ஊழைப் பற்றிச் சொல்லும்போதும், அவன் அதைப் பிடித்துக்கொள்வதற்கு முன்பே கதவை அடைத்துவிடுகிறது.

மூன்றாவதாக ஒரு வாய் உண்டு. அதுதான் நம் ஊரில் அதிகம் பேசியது. மேலே இருப்பவன் கீழே இருப்பவனைப் பார்த்துச் சொன்ன வினை. சேரியில் பிறந்த குழந்தையைக் காட்டி, "போன பிறவியில் செய்தது" என்றார்கள். கவனியுங்கள், இது நியதிவாதம் இல்லை. ஆசீவகர் எவருக்கும் பொறுப்பில்லை என்றார்கள். இவர்கள் பால்குடிக்கும் பிள்ளையின் தலையிலும் பொறுப்பை ஏற்றினார்கள். பொறுப்புக்கும் யோசிக்கும் திறனுக்கும் இருக்கும் கட்டை அறுத்துவிட்டால் எதையும் யார் தலையிலும் கட்டலாம். தலைவிதி என்ற பேச்சைப் பெரியார் அவ்வளவு கடுமையாகத் தாக்கியது தத்துவப் பிழைக்காக மட்டும் இல்லை, அது யாருக்கு வசதியாக இருந்தது என்பதற்காக.

வள்ளுவரிடம் ஊழும் உண்டு, முயற்சியும் உண்டு. ஊழைவிட வலியது எதுவுமில்லை என்று முப்பத்தெட்டாம் அதிகாரத்தை முடிப்பவர், ஆள்வினையுடைமையில் தளராமல் முயல்பவர் ஊழையும் புறங்காட்டி ஓடச் செய்வார் என்கிறார். முரண்பாடு என்று பலர் எழுதியிருக்கிறார்கள். என் வாசிப்பில், முன்னது நடந்து முடிந்ததைத் திரும்பிப் பார்ப்பவனுக்கு, பின்னது இனி செய்ய வேண்டியதை நோக்கி நிற்பவனுக்கு. இடத்தை மாற்றிச் சொன்னால் இரண்டுமே கேடு விளைவிக்கும்.

பொறுப்பை இப்படி அளந்து பார்ப்பதன் நடைமுறை விளைவு ஒன்றைச் சொல்ல வேண்டும். குடித்துவிட்டு வண்டி ஓட்டும் இருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே கடை, ஒரே அளவு, ஒரே வேகம். ஒருவன் வீடு போய்ச் சேர்கிறான். மற்றவன் எதிரே ஒரு குழந்தை ஓடிவருகிறது. நூறு மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்ககால் இருந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவில் முதல் தடவைக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இது முதலாமவன் மாட்டியிருந்தால். இரண்டாமவன்மேல் உயிரிழப்பு வழக்கு வரும். கவனக்குறைவால் மரணம் என்றால் பழைய சட்டத்தில் இரண்டு ஆண்டு வரை, இப்போது ஐந்து ஆண்டு வரை. குடித்து ஓட்டினால் உயிர் போகும் என்று தெரிந்தே செய்தான் என்று நிரூபித்தால் இன்னும் கூடும். 2006இல் மும்பை நடைபாதையில் தூங்கியவர்கள் ஏழு பேரைக் கொன்ற பெரேரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012இல் அப்படித்தான் தீர்ப்பளித்தது. நாம் நினைத்துக்கொண்ட அந்த இரண்டு ஓட்டுநர்களுக்கும் இடையே உள்ள வித்தியாசம் ஒரு குழந்தை எந்த நொடியில் தெருவுக்கு வந்தது என்பது மட்டும். இதை 1976இல் மெய்யியலாளர்கள் பெர்னார்டு வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் ஒரு சிக்கலாக முன்வைத்தார்கள், இன்றுவரை யாரும் அவிழ்க்கவில்லை. "நான் போதையில் இருந்தேன், யோசிக்கும் திறன் இல்லை" என்ற சாக்கைச் சட்டம் ஏற்பதில்லை, சரிதான். முதல் குவளையை எடுத்தபோது திறன் இருந்தது. ஆனால் அப்போது இருவருக்குமே இருந்தது. வீடு போய்ச் சேர்ந்தவனை நாம் இவ்வளவு லேசாக விடுவதுதான் தவறு என்று எனக்குப் படுகிறது.

தண்டனையைப் பொறுத்தவரை, காரணங்களைப் பார்க்கும் பழக்கம் நம்மிடமிருந்து ஒன்றைப் பிடுங்கிக்கொள்ளும். குற்றவாளி துன்பப்படுவதே தன்னளவில் நல்லது என்ற திருப்தியை அது பிடுங்கும். 1980இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், மரண தண்டனையைப் பற்றி யோசிக்கையில் குற்றத்தை மட்டும் பார்க்காதே, குற்றவாளியையும் பார் என்றது. 2022இல் மனோஜ் வழக்கில், குற்றவாளியின் வளர்ப்பு, மனநிலை, பின்னணி எல்லாவற்றையும் விசாரணைக் கட்டத்திலேயே திரட்டித் தரச் சொன்னது. 1924இல் சிகாகோவில் வக்கீல் கிளாரன்ஸ் டாரோ மன்றாடியதும் இதற்காகத்தான். பதினான்கு வயதுப் பையனைக் கொன்ற லியோபோல்டு, லோப் என்ற இரு பணக்கார இளைஞர்களை அவர்களின் பரம்பரையும் வளர்ப்பும் ஆக்கிய பொருள்கள் என்று அவர் நீண்ட உரை நிகழ்த்தினார். நீதிபதி கேவர்லி அந்தத் தத்துவத்துக்குத் தலைவணங்கவில்லை. ஒருவனுக்கு வயது பத்தொன்பது, மற்றவனுக்குப் பதினெட்டு என்பதைச் சொல்லித் தூக்கைத் தவிர்த்து, ஆயுளோடு தொண்ணூற்றொன்பது ஆண்டும் சேர்த்துச் சிறைக்கு அனுப்பினார். டாரோவைவிடக் கேவர்லி சரியாகச் செய்தார் என்றே சொல்வேன். பொறுப்பை முழுதாக எடுத்துவிடவில்லை. அதன் அளவைப் பார்த்தார்.

எனக்குத் தெரியும், பின்வரிசையில் ஒரு கேள்வி காத்திருக்கிறது. குழந்தையைப் பறிகொடுத்த தாயிடம் போய் இதையெல்லாம் சொல்வாயா என்று. சொல்ல மாட்டேன். கொன்றவனுடைய பிள்ளைப்பருவத்தை எண்ணிப் பார்க்கும் கடமை நீதிபதிக்கு உண்டு, அரசுக்கு உண்டு, இங்கே பாதுகாப்பாக உட்கார்ந்து விவாதிக்கும் நமக்கு உண்டு. அந்தத் தாய்க்கு இல்லை. அவள் மன்னிக்கலாம், மன்னிக்காமலும் இருக்கலாம், அவளிடம் காரணங்களின் சங்கிலியை விரித்துக் காட்ட நமக்கு எந்த உரிமையும் கிடையாது. கொன்றவனுக்கும் அந்தச் சங்கிலியைத் தன் வக்கீல் வழியாக நீதிமன்றத்தில் காட்ட உரிமை உண்டு. அவள் வாசலில் நின்று காட்ட உரிமை இல்லை. அங்கே அவன் சொல்லத் தக்கது பாண்டியன் சொன்னது ஒன்றுதான்.

நேரம் கடந்துவிட்டது. உங்கள் கேள்விகளைக் கேட்கலாம்.